தோட்டா வாங்கப் போகும் தோழர்களுக்கு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் நட்பு, தன்னம்பிக்கை, தாய்ப்பாசம், கணிப்பொறி என்றுதான் எழுதுவார்கள். இவன் என்னடா தோட்டாவைப் பற்றி எழுதுகிறான் என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். நம் கல்லூரியிலிருந்து இந்த ஆண்டு ஆறு பேர் ஞாயிறுதோறும் சுடுதளத்துக்குப் போய் வருகிறோம். பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டு. ஆறு பேரில் ஒருவர் வீட்டிலும் துப்பாக்கி கிடையாது. சங்கத்துத் துப்பாக்கி இருக்கிறது, சொல்லித் தர மாஸ்டர் இருக்கிறார், உறுப்பினர் அட்டையும் முறைப்படி வாங்கியாகிவிட்டது. தோட்டா மட்டும் அவரவர் காசு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடுத்த ஆண்டு இன்னும் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முதல் பெட்டி வாங்குவதற்கு முன் என் கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். சுடுதளத்தில் காது கொடுத்தால் போதும், ஆளுக்கொரு யோசனை வரும். "வெளிநாட்டுச் சரக்குதான் வெடிக்கும் தம்பி" என்பார் ஒருவர். "எதுவானாலும் ஈயம்தானே, மலிவா எது கிடைக்குதோ அதை வாங்கு" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. மலிவான தோட்டா வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்குப் பெட்டி குணம் மாறும் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இதுதான் என் கட்சி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக. தட்டு என்றால் 11 செ.மீ. விட்டம், சுமார் 105 கிராம் எடை. களிமண் தட்டு என்று பெயர்தான். உண்மையில் சுண்ணாம்புத் தூளையும் கீலையும் கலந்து அச்சில் வார்த்தது. ட்ராப் என்ற பிரிவில் பதினைந்து மீட்டர் முன்னால் பள்ளத்தில் உள்ள இயந்திரம் இதை வீசுகிறது. சுடாமல் விட்டால் 76 மீட்டர் தூரம் போய் விழும். இடப்பக்கமா வலப்பக்கமா, மேலேயா தாழ்வாகவா என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு தட்டுக்கு இரண்டு குண்டு போடலாம். ஸ்கீட் என்ற இன்னொரு பிரிவில் தட்டு குறுக்கே பறக்கும். ஒரு தட்டுக்கு ஒரு குண்டுதான். இரண்டிலும் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்று 125 தட்டு. 12 போர் துப்பாக்கிதான் எல்லோரும் பிடிப்பது.

இந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்து இயந்திரத்தில் தட்டு அடுக்கும் வேலைக்குத்தான் நான் முதலில் போனேன், பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில். அப்பா அங்கே காவல் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான் என்றால், துப்பாக்கியைக் கையில் பிடித்த முதல் ஆளும் நானே! அம்மாவுக்கு இரண்டாவது விஷயம் இன்னும் பிடிக்கவில்லை. "படிக்கப் போனியா, காசைக் கரியாக்கப் போனியா?" என்பார். கேள்வி நியாயமானதுதான்.

கரியாகும் காசு எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. கற்றுக்குட்டிக்குப் பத்துத் தட்டுக்காவது இரண்டாவது குண்டு தேவைப்படும். ஆக 35 தோட்டா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சுற்று, மாதம் நாலு ஞாயிறு: 280 தோட்டா. இரண்டு வகைத் தோட்டாவுக்கு நடுவே பத்து ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,800 ரூபாய்! வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் வித்தியாசம். நமக்கு அது பஸ் பாஸ், மெஸ் பாக்கி, தேர்வுக் கட்டணம் மூன்றும் சேர்ந்தது. அதனால் எந்தத் தோட்டா என்ற கேள்வி நமக்கு ரசனை சம்பந்தப்பட்டதல்ல. அடுத்த மாதமும் சுடுதளத்துக்குப் போவோமா மாட்டோமா என்பதே அதில்தான் இருக்கிறது.

ராஜா வீட்டு விளையாட்டு என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. பொய்யில்லை. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டவர். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். நம் பக்கத்திலேயே புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் இருக்கிறார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் (2023இல் நடந்தது) இந்திய ஆண்கள் ட்ராப் அணி 375க்கு 361 எடுத்துத் தங்கம் வென்றதே, அந்த மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். தமிழ்நாட்டுக்காரர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம், சந்தேகமில்லை.

ஆனால் அதே ஹாங்சோவில் பெண்கள் ட்ராப் அணி வெள்ளி வாங்கியதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் படித்தோம்? மூவரில் மனிஷா கீரின் தந்தை போபாலில் ஏரியில் மீன் பிடிப்பவர். பிரீத்தி ரஜக்கின் தந்தை இட்டார்சியில் சலவைக் கடை வைத்திருப்பவர். பிரீத்தி 2024 ஜனவரியில் இந்திய ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார். இருவரும் போபாலில் உள்ள மத்தியப் பிரதேச அரசின் சுடுதல் அகாதெமியில் உருவானவர்கள். அங்கே துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அரசு பொறுப்பு. தோட்டாக் கணக்கை வேறு ஒருவர் சுமந்தால் மீனவர் மகள் என்ன செய்வாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நமக்கு அப்படி யாரும் சுமக்கப்போவதில்லை, இப்போதைக்கு. அதனால் நம் மூளையைத்தான் செலவழிக்க வேண்டும்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

அடியில் உலோகக் கால். அதன் நடுவில் பிரைமர். அதற்கு மேல் மருந்து. மருந்துக்கு மேல் வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஈயக் குண்டுகள். மேலே குழாயின் வாய் பூ மாதிரி ஆறு அல்லது எட்டு இதழாக மடிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுதான். நம் பட்டறையில் செய்கிற வால்வைவிட எளிமையான சாமான்! ஆனால் லட்சக்கணக்கில் செய்யும்போது ஒவ்வொன்றிலும் அதே எடை மருந்து, அதே எடை ஈயம், அதே இறுக்கத்தில் மடிப்பு விழ வேண்டும். இரண்டாம் ஆண்டில் தரக்கட்டுப்பாடு பாடத்தில் கட்டுப்பாட்டு வரைபடம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோமே, அந்த வரைபடத்தின் மேல்கோடும் கீழ்கோடும்தான் இங்கே தட்டு உடைவதையும் உடையாததையும் முடிவு செய்கின்றன.

சர்வதேச விதிப்படி ஈயம் 24 கிராமுக்கு மேல் போகக் கூடாது. குண்டின் விட்டம் 2.6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ட்ராப்புக்குப் பெரும்பாலும் 2.4 மி.மீ. குண்டு, ஸ்கீட்டுக்கு 2 மி.மீ. குண்டு. இப்போது கணக்குப் போடுங்கள். 2.4 மி.மீ. குண்டின் கொள்ளளவு சுமார் 7.24 கன மி.மீ. ஈயக் கலவையின் அடர்த்தி 11 என்றால் ஒரு குண்டின் எடை 0.08 கிராம். 24 கிராமுக்கு 300 குண்டு. 2 மி.மீ. என்றால் 520 குண்டு. பெட்டியில் எண்ணிக்கை போட்டிருக்காவிட்டாலும் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த 300 குண்டும் ஒரே இடத்தில் போய் விழுவதில்லை. குழல் வாயில் உள்ள ஒடுக்கத்தைச் சோக் என்பார்கள். முழுச் சோக் போட்டால் சுமார் 36 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது குண்டு விழ வேண்டும் என்பது பழைய அளவுகோல். அதாவது 210 குண்டு. வட்டத்தின் பரப்பு சுமார் 4,500 சதுர செ.மீ. சராசரியாக 21 சதுர செ.மீ.க்கு ஒரு குண்டு. சரி, தட்டின் பரப்பு? முகம் காட்டினால் 95 சதுர செ.மீ.; நாலு குண்டு பட்டுத் தூள்தூளாகும். விளிம்பு மட்டும் தெரிந்தால் இருபதோ இருபத்தைந்தோதான். ஒரே ஒரு குண்டு! நடுவில் அடர்த்தி கூடுதல், ஓரத்தில் குறைவு என்பதை மறக்க வேண்டாம். எழுபது சதவீதம் அறுபதாக இறங்கினால், நாம் சரியாகக் குறிபார்த்திருந்தாலும் தட்டு நடுவில் நுழைந்து தப்பிப் போகும். சத்தம் வரும், தோள் வலிக்கும், தட்டு பறந்துகொண்டே இருக்கும். "குறி தப்பிட்டியே" என்பார்கள். உண்மையில் தப்பியது குறியா தோட்டாவா என்று அப்போது யாருக்கும் தெரியாது. கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. சரியாகச் செய்ததைத் தவறு என்று நினைத்து மாற்றிக்கொள்வான்.

அடர்த்தி ஏன் குறைகிறது? முக்கியக் காரணம் குண்டின் மென்மை. வெறும் ஈயம் நகம் பட்டாலே கீறும். வெடிக்கும் அதிர்ச்சியில் குண்டுகள் ஒன்றையொன்று நசுக்கிச் சப்பட்டையாகின்றன. சப்பட்டைக் குண்டு நேராகப் போகாது, நம்ம ஊர்ப் பட்டத்துக்கு வால் அறுந்த மாதிரி ஒதுங்கிவிடும். அதனால்தான் ஈயத்தில் ஆன்டிமணி சேர்த்துக் கடினமாக்குகிறார்கள். பெட்டியில் ஆன்டிமணி சதவீதம் போட்டிருந்தால் அதைப் படியுங்கள். கூடுதலாகக் காசு கொடுப்பதென்றால் கொடுக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான்.

வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். 'அதிவேகம்' என்று சிவப்பு மையில் அச்சடித்த பெட்டிக்கு நம் பையன்களிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. விநாடிக்கு 390 மீட்டருக்கும் 410 மீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 35 மீட்டர் போய்ச் சேர குண்டுக்கு ஆகும் நேரத்தில் விநாடியில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்குதான் மிச்சம். அதற்குள் தட்டு குறுக்கே எவ்வளவு நகரும்? ஒரு சாண்கூட இல்லை. குண்டுச் சிதறலின் அகலமோ மூன்று சாணுக்கு மேல். வேகத்தால் உடையாத தட்டு உடைந்துவிடப்போவதில்லை. தோள்தான் கூடுதலாக அடி வாங்கும். ஆனால் ஒரே பெட்டியில் ஒன்று 390, அடுத்தது 350 என்று ஏறி இறங்கினால் அது வேறு கதை. பெட்டியில் எழுதியிருக்கிற சராசரியை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எடையிலும் ஒரு மயக்கம். 28 கிராம் போட்டால் 350 குண்டு, 24இல் 300தானே, எது நல்லது என்று எங்கள் சீனியர் ஒருவர் வாதாடுவார். உந்தம் பற்றி முதலாண்டில் படித்தது எதற்கு? அதே துப்பாக்கி, அதே வேகம் என்றால் பின்னுதைப்பின் ஆற்றல் எடை விகிதத்தின் வர்க்கமாகக் கூடும். 28ஐ 24ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.36. நூற்றுக்கு 36 பங்கு கூடுதல் உதை! எழுபது தோட்டா சுட்ட பிறகு விசையை இழுக்கும் முன்பே கண் மூடும். போட்டியில் எப்படியும் 24தான். ஈயம் குறைந்தால் விலையும் குறையும். இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சிக்கனமும் விதியும் ஒரே பக்கம் நிற்கின்றன. இதைப் போய் எதிர்ப்பானேன்?

பெட்டியின் படமும் கால் பித்தளையும்

நீளமான பித்தளைக் கால் இருந்தால் வலுவான தோட்டா என்று ஒரு நம்பிக்கை கிராமத்தில் இன்றும் உண்டு. அட்டைக் குழாய் காலத்து நம்பிக்கை அது. இப்போதைய பிளாஸ்டிக் குழாயில் கால் உயரம் பெரும்பாலும் அழகுக்குத்தான். அது பித்தளையாகவும் இருக்காது. காந்தத்தை வைத்துப் பாருங்கள், பல பெட்டிகளில் ஒட்டிக்கொள்ளும். பித்தளை முலாம் பூசிய எஃகு. எஃகுக் கால் தவறில்லை, ஆனால் பித்தளையைப் போலச் சுருங்கிக் கொடுக்காது. அதனால் இறுக்கமான அறை உள்ள துப்பாக்கியில் சுட்ட குழாய் சிக்கிக்கொண்டு வெளியே வர அடம் பிடிக்கலாம். சங்கத்துத் துப்பாக்கியில் சுலபமாகக் கழல்கிறதா என்று பத்துத் தோட்டாவில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் தோட்டா நிரப்பும் கம்பெனிகள் பல. ஆனால் எல்லோரும் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. செடைட் என்ற கம்பெனியின் குழாயும் பிரைமரும் எத்தனையோ பெயர்களில் வரும் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பெட்டியின் மேல் பறக்கும் பறவையும் தங்க எழுத்தும் மாறுகின்றன, அடிப்பாகத்தில் ஒரே முத்திரை. அப்படியிருக்க, பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பானேன்? நம் நாட்டில் புனே அருகே கட்கியில் உள்ள அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையும் 12 போர் தோட்டா செய்து வருகிறது. பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் உரிமம் வைத்திருப்பவர்கள் வாங்குவது பெரும்பாலும் அதுதான். ஆனால் குண்டு எண்ணும் எடையும் பார்க்காமல், உள்நாட்டுச் சரக்கு, விலை குறைவு என்று தட்டுச் சுடுவதற்கு எடுத்துவராதீர்கள். காட்டுப்பன்றிக்கு ஆன பெரிய குண்டு தட்டுக்கு ஆகாது. சுடுதளத்துக்குள் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தாளை வைத்து! சினிமா போஸ்டரின் பின்பக்கத்தை மைதாப் பசையால் ஒட்டி நாலடிச் சதுரம் ஆக்குங்கள். மாஸ்டரின் அனுமதியோடு 35 மீட்டரில் நிறுத்துங்கள். ஒரு வகைக்கு ஐந்து தாள், தாளுக்கு ஒரு குண்டு. குண்டு அடர்ந்த இடத்தை மையமாக வைத்து 76 செ.மீ. வட்டம் போட்டு, ஓட்டைகளைப் பென்சிலால் அடித்து அடித்து எண்ணுங்கள். ஒரு தாளுக்கு இருநூறு ஓட்டை. பொறுமை வேண்டும். நாங்கள் மூன்று வகைக்குப் பதினைந்து தாள் எண்ணினோம். விடுதி மாடியில் விரித்துவைத்து எண்ணும்போது காற்று அடித்து ஒரு தாள் பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போய்விட்டது, அதையும் விடாமல் தேடி எடுத்தோம்.

முடிவு என்ன தெரியுமா? விலை கூடிய பெட்டியின் தாள்கள் நன்றாகவே இருந்தன, நடு கொஞ்சம் அடர்த்தி. நடு விலைப் பெட்டியின் ஐந்து தாளும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. மூன்றாவது, "உங்களுக்காக மலிவா தர்றேன்" என்று ஒருவர் சிபாரிசு செய்த பழைய சரக்கு. அதில் இரண்டு தாள் அருமை, இரண்டு தாள் சுமார், ஐந்தாவது தாளில் ஒரு முழுத் தட்டையே வைக்கும் அளவுக்கு வெற்றிடம். சராசரி எடுத்தால் மூன்றாவதும் தேறிவிடும்! சராசரியை மட்டும் பார்க்காதே, வீச்சைப் பார் என்று வகுப்பில் ஏன் கத்துகிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நடு விலைப் பெட்டியையே ஆறு பேரும் எடுத்துக்கொண்டோம்.

அந்த மூன்றாவது சரக்கால் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணனுக்கு ஒரு தோட்டா 'டுப்' என்று மட்டும் சத்தம் போட்டது. அவர் அடுத்த தோட்டாவைப் போடக் கை வைத்தார். மாஸ்டர் "நிறுத்து!" என்று போட்ட சத்தத்தில் பள்ளத்துக்குள் இருந்த எனக்கே தூக்கிவாரிப் போட்டது. துப்பாக்கியைத் திறந்து குழலை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியவில்லை. வாட் நடுக்குழலில் சிக்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொரு தோட்டா வெடித்திருந்தால் குழல் பிளந்து இடக்கை போயிருக்கும். மலிவு என்று நினைத்து வாங்கிய பெட்டி அது. அந்த அண்ணன் வெல்டிங் வேலை பார்ப்பவர். இடக்கை போனால் அவர் வீட்டில் உலை எரியாது. அன்று மாலையே மீதிப் பெட்டிகளை மாஸ்டர் தனியாக ஒதுக்கிப் பூட்டிவிட்டார்.

ஆகவே புதிதாக வருகிறவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சத்தம் குறைந்தால் குழலைப் பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். குழலைச் சுடும் திசையிலேயே பிடித்து அரை நிமிடமாவது காத்திருங்கள், சில சமயம் தாமதமாக வெடிக்கும். 20 போர் தோட்டாவை 12 போர் தோட்டா இருக்கும் பையில் போடவே போடாதீர்கள். அது 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலுக்குள் உட்கார்ந்துகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இந்த ஆபத்துக்காகத்தான். அப்புறம், அறையின் நீளம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ.தான். 70 மி.மீ. தோட்டா அதற்குள்ளும் போகும், ஏனென்றால் 70 என்பது மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம். போகிறதே என்று சுட்டால் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறிவிடும். குழலின் அடியில் அளவு பொறித்திருக்கும். வெர்னியரே பிடிக்கத் தெரிந்த நமக்கு அதைப் படிப்பது பெரிய காரியமா?

வெர்னியர் என்றதும் ஒரு எச்சரிக்கை. சோதிக்கிறேன் பேர்வழி என்று தோட்டாவை நம் அளவையியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்! தோட்டா சங்கத்தின் பெயரில், உரிமம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்கப்படுகிறது. சுடுதளத்துப் பூட்டறையிலேயே இருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் காலிக் குழாயில் வீட்டிலேயே மருந்து நிரப்பிக்கொள்கிறார்களாம், நாமும் ஒரு ஜிக் செய்து நிரப்பினால் என்ன என்று நம் பிரிவில் ஒரு விஞ்ஞானி கேட்டான். கேட்டதோடு நிறுத்திக்கொண்டான். காலிக் குழாயைக் கொண்டுவந்து அளப்பதில் தப்பில்லை. கால் வீங்கியிருக்கிறதா, பிரைமர் ஓட்டை விழுந்திருக்கிறதா, இதழ்கள் சமமாக விரிந்திருக்கின்றனவா என்று பார்த்தால் அந்தப் பெட்டியின் ஜாதகமே தெரியும்.

சேமிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதே, ஈரத் தரையில் வைக்காதே, பெட்டியை மாற்றாதே. மழைக்காலத்தில் பலகை மேல் வைத்தால் போதும். சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வடையைத் தொட வேண்டும். ஈயம் உடம்பில் சேர்ந்தால் வெளியேற நாளாகும், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "125 தட்டில் ஒரு தட்டு போனால் என்னப்பா?" என்று ஒரு நண்பர் கேட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கீட் கலப்பு இரட்டையர் பிரிவில் நம் அனந்த் ஜீத் சிங் நரூகாவும் மகேஸ்வரி சவுகானும் வெண்கலத்துக்குச் சீனாவோடு மோதினார்கள். 44க்கு 43. ஒரே ஒரு தட்டு! அங்கே தோட்டாவில் குறை என்று நான் சொல்லவரவில்லை. அந்த உயரத்தில் எல்லோரும் நல்ல தோட்டாதான் போடுவார்கள். ஒரு தட்டின் விலை என்ன என்பதற்காகச் சொன்னேன்.

இனி நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். இதை எழுதியதே முக்கியமாக இதற்காகத்தான். தோட்டாப் பெட்டியின் ஓரத்தில் லாட் எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே லாட் என்றால் ஒரே நேரத்தில், ஒரே மருந்தில், ஒரே ஈயத்தில் நிரப்பியது. தாள் எண்ணித் தேர்ந்தெடுத்த தோட்டா அந்த லாட்டுக்குத்தான் செல்லும். அடுத்த லாட் வந்தால் மறுபடி எண்ண வேண்டும். பணக்காரர்கள் ஒரே லாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். நாம் வாரம் மூன்று பெட்டி, மூன்று பெட்டியாக வாங்குவதால், போன வாரத் தோட்டாவும் இந்த வாரத் தோட்டாவும் ஒன்றில்லை. விலையும் சில்லறை விலை. ஏழைக்கு எப்போதும் சில்லறை விலைதான். அரிசியிலும் அப்படித்தான், தோட்டாவிலும் அப்படித்தான்.

ஆறு பேருக்கு மாதம் 280 வீதம் 1,680 தோட்டா. 25 அடங்கிய பெட்டி பத்துச் சேர்ந்தால் 250 கொண்ட ஒரு அட்டைப்பெட்டி. ஏழு அட்டைப்பெட்டி எடுத்தால் ஒரு மாதத்துக்குப் போதும், மொத்த விலையும் கேட்கலாம். பேரவையின் விளையாட்டு நிதியிலிருந்து இந்த முதல் மாதத் தொகையை மட்டும் முன்பணமாகக் கேட்கிறோம். தானமாக இல்லை. சுட்ட அன்றே அவரவர் தோட்டாக் கணக்குப்படி பணம் கட்டிவிடுவோம். அந்தப் பணத்தில் அடுத்த மாதச் சரக்கு. கடைசி ஆண்டு மாணவர்கள் போகும்போது புதிதாக வரும் நாலு பேருக்கு அதே நிதி கைமாறும். கிரிக்கெட் மட்டைக்கும் கைப்பந்து வலைக்கும் ஆண்டுதோறும் தரும் பணம் திரும்பி வருவதில்லை. இது திரும்பி வரும். மாஸ்டர் சங்கத்தின் பெயரில் வாங்கித் தந்து பூட்டறையில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

மனுவை உடற்கல்வி ஆசிரியர் வழியாகக் கொடுத்திருக்கிறோம். எண்ணிய பதினைந்து தாள்களும் லாட் எண் எழுதிய நோட்டும் விடுதி எட்டாம் அறையில் இருக்கின்றன. பேரவைப் பொருளாளர் எந்த மாலையும் வந்து பார்க்கலாம். தென்னந்தோப்புக்குப் பறந்த தாள் மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கும்.